முற்றத்துப் பூவைப் படம் பிடிப்போம்

கடந்த மாதம் இந்தப் பக்கத்தில் நுண்கடன் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த நிலாவெளிச் சகோதரி ஒருவர், "மிஸ், எப்ப பார்த்தாலும் கடன், காணி, கண்ணீர் எண்டுதான் எழுதுறீங்க. நாங்க பூக்கண்டு நட்டு அதுக்குத் தண்ணி ஊத்துறதையும் ஒருக்கா எழுதுங்கோவன்" என்றார். ஆகவே இந்த மாதம் பூக்கள் பற்றித்தான் எழுதப்போகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், வீட்டு முற்றத்தில் பூக்கிற பூவை நம் கையிலிருக்கும் தொலைபேசியால் நாமே படம் பிடிப்பது பற்றி.

வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

2020ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் பாடங்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. அதுவரை பட்டன் போனோடு இருந்த எத்தனையோ வீடுகளில், தோட்டை அடகு வைத்தாவது ஒரு தொடுதிரைப் போன் வாங்க வேண்டியதாயிற்று. பாடசாலை திறந்த பிறகும் அந்தப் போன் வீட்டில் இருக்கிறது. பல வீடுகளில் அது இப்போது அம்மாவின் கையில். நிலாவெளியில் எங்கள் மாதாந்தக் கூட்டத்துக்கு வருகிற பெண்களிடம், "உங்கள் போனில் என்னென்ன படங்கள் இருக்கின்றன?" என்று ஒரு நாள் கேட்டேன். பிள்ளையின் கணக்குக் கொப்பி, மின்சாரப் பட்டியல், அஸ்வெசும விண்ணப்பப் படிவம், அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கிளினிக் அட்டை. இவைதான் இருந்தன. தனக்குப் பிடித்த ஒன்றைத் தனக்காக எடுத்த படம் பதினான்கு பேரில் இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருவரிடம் பேத்தி, மற்றவரிடம் ஆட்டுக்குட்டி.

நம் பகுதிப் பெண்களுக்குப் படம் என்பது பெரும்பாலும் யாரோ கேட்டதற்காக எடுக்கப்பட்டதுதான். தேசிய அடையாள அட்டைக்குப் படம் கேட்டார்கள். யுத்த காலத்தில் குடும்பப் பதிவுக்காக, வீட்டில் உள்ள எல்லோரையும் வரிசையாக நிறுத்தி எடுத்த படம் கேட்டார்கள். முகாமில் நிவாரணம் தந்தவர்கள், அரிசி மூட்டையைக் கையில் பிடித்தபடி நிற்கச் சொல்லி எடுத்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு, நிலாவெளிக் கரையில் இடிந்த சுவருக்குப் பக்கத்தில் நம்மை நிறுத்திப் படம் எடுக்காதவர்கள் குறைவு. அந்தப் படங்கள் எங்கே போயின, எந்த நாட்டுப் புத்தகத்தில் அச்சாயின என்று நமக்குத் தெரியாது. ஒரு பிரதிகூட நமக்கு வரவில்லை.

இன்னொரு வகைப் படமும் உண்டு. காணாமற்போனவரின் படம். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால், 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்கு முன்னால், பின்னர் 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு முன்னால் என்று ஒரே படத்தைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்துக் கொண்டுபோன அம்மாமார் நம்மிடையே இருக்கிறார்கள். மூலப்படம் 1990 இடப்பெயர்விலோ கடலிலோ போயிருக்கும்; பிரதியின் பிரதிதான் மிஞ்சியிருக்கும். முகம் வெளிறி, கண் இரண்டும் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகிற அந்தப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீதியோரம் நிற்கிறபோது, அவர்களையும் யாராவது படம் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

நான் சமூகவியல் படித்த காலத்தில் விரிவுரையில் ஒரு ஆய்வைப் பற்றிக் கேட்டேன். 1990களின் ஆரம்பத்தில் சீனாவின் யுனான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரு பெண்கள், 62 கிராமப் பெண்களின் கையில் கமராவைக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையை நீங்களே படம் பிடியுங்கள் என்றார்கள். எழுத்து வாசிப்பு அதிகம் இல்லாத பெண்கள் வயலையும் குழந்தையையும் தண்ணீர் சுமப்பதையும் எடுத்தார்கள். எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளோடு பேசினார்கள். அந்த வேலைமுறை இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. அப்போது அது பரீட்சைக்கு எழுதும் ஒரு பந்தியாக மட்டும் இருந்தது. நிலாவெளிக் கூட்டத்தில் அந்தப் பதினான்கு போன்களையும் பார்த்தபோதுதான், ஒரு ரூபாயும் செலவில்லாமல் கமரா ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது என்பது உறைத்தது.

என்ன எடுப்பது என்று பேசினோம். பிள்ளைகளை எடுக்கலாம் என்றார்கள். பிள்ளைகளின் படம் வெளியே போவது பற்றிச் சிலருக்குப் பயம் இருந்தது. ஒரு முஸ்லிம் சகோதரி, அவரை நாங்கள் ராத்தா என்போம், "முகம் வராத படமெண்டா எனக்கும் சரி" என்றார். முகம் இல்லாத, யாருக்கும் தொல்லை இல்லாத, தினமும் புதிதாக வருகிற, வீட்டு வாசலைத் தாண்டாமல் எடுக்கக்கூடிய ஒன்று. அப்படித்தான் பூ வந்தது. ஒரு மாதம் முழுவதும் அவரவர் வீட்டில் பூக்கிற பூவை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வருவது என்று முடிவானது.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் பேசாமல் இருந்தார். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர் கிட்ட வந்து, "மகள், நானும் எடுக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். ஏனம்மா எடுக்கக்கூடாது என்று கேட்டேன். "நான் பூ வைக்கிறதில்லையே" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், தோழியரே. நம் சமூகத்தில் பூ சும்மா பூ அல்ல. புருஷன் இருக்கிறவளுக்குப் பூவும் பொட்டும், இல்லாதவளுக்கு இல்லை. கல்யாண வீட்டில் பூத்தட்டு அவளைத் தாண்டிப் போகும். முற்றத்தில் மல்லிகை நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பவள் அவளாக இருப்பாள். அதிகாலையில் மொட்டுப் பறித்து மாலை கட்டுவதும் அவளாகவே இருப்பாள். அந்தப் பூ கோயிலுக்குப் போகும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பின்னலுக்குப் போகும். அவள் தலைக்கு மட்டும் போகாது. கணவரை இழந்த நம் சகோதரிகள் பலர் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசினால், "இந்த வயதில் இவளுக்குப் பூ ஆசை" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் பெண்கள் என்பதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கணவர் காணாமற்போன பெண்களின் நிலைமை இன்னும் சிக்கலானது. என்னிடம் கேட்ட அந்த அம்மாவின் கணவர் 2007இல் வேலைக்கென்று போனவர். திரும்பவில்லை. அவர் பூ வைத்தால், ஆள் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகு இவளுக்கு என்ன அலங்காரம் என்று ஊர் கேட்கிறது. வைக்காமல் விட்டால், "அப்ப நீ என்ர மகன் செத்துப்போனான் எண்டு முடிவெடுத்திட்டியா?" என்று மாமியார் கேட்கிறார். ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு மொட்டு வைத்தாராம். பிறகு அதுவும் ஒரு கேள்வியாகிப்போனதால் விட்டுவிட்டாராம். மரணச் சான்றிதழ் எடுப்பதா விடுவதா என்பது பற்றி நாங்கள் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம்; சட்டத்தரணியைக் கூட்டிவந்து விளக்கியிருக்கிறோம். கண்ணாடிக்கு முன்னால் தினமும் காலையில் பூவாக வந்து நிற்கிற அதே கேள்விக்கு எந்தப் படிவமும் இல்லை.

"படம் எடுக்கிறதுக்கும் வைக்கிறதுக்கும் என்னம்மா சம்பந்தம்? எடுங்கோ" என்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் 43 படங்களோடு வந்தார். எல்லாமே கிணற்றடி மல்லிகை. இரவில் விரிந்தது, காலையில் தண்ணீர் சொட்டுகிறது, வாடியது, எறும்பு ஊர்கிறது, மொட்டு மட்டும், வெறும் காம்பு மட்டும். முதல் பத்தும் மங்கல். இருபதுக்குப் பிறகு கை நின்றுவிட்டது. முப்பத்தைந்தாவது படத்தைப் பார்த்த ராத்தா போனை வாங்கி இரண்டு தரம் பார்த்துவிட்டு, "இது மணக்குது" என்றார்.

வீட்டில் அடைபட்டிருக்கும் பெண் பூவைப் படம் எடுப்பது இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் இமோஜென் கன்னிங்ஹாம் என்று ஒருவர் இருந்தார். 1883இல் பிறந்தவர், பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்து, 1910இல் சியாட்டில் நகரில் சொந்தமாக ஸ்டூடியோ திறந்தவர். 1915இல் திருமணம்; அந்த வருடமே ஒரு மகன், 1917இல் இரட்டை ஆண் குழந்தைகள். ஸ்டூடியோ போயிற்று. மூன்று சின்னப் பையன்களை விட்டுவிட்டு வெளியே போய்ப் படம் எடுக்க முடியாது. ஆகவே பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும்போது கண்ணை அவர்கள் மேல் வைத்துக்கொண்டே, தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த செடிகளையும் பூக்களையும் எடுக்கத் தொடங்கினார். 1925இல் அவர் எடுத்த மக்னோலியாப் பூவின் படம் இன்று உலகப் புகழ்பெற்றது. ஒரே ஒரு பூ. இதழ்களுக்கு நடுவே மகரந்தத் தண்டு. அவ்வளவுதான். 1976இல் 93 வயதில் இறக்கும் காலம் வரை அவர் கமராவைக் கீழே வைக்கவில்லை. வீட்டுப் பொறுப்பு அவரது தொழிலை முடக்கியது உண்மைதான். அந்த முடக்கத்தைப் புகழ்ந்து பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததை அவர் உற்றுப் பார்த்தார்.

நம் நாட்டிலும் ஒரு கதை இருக்கிறது. ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் பெண் படப்பிடிப்பாளர், 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவில் படம் எடுக்கப் பழகியவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறினார்; 1879இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். களுத்துறையில் இருந்தபோது அவரைப் பார்க்க மரியன் நோர்த் வந்தார். தனியாக உலகம் சுற்றிப் பூக்களையும் மரங்களையும் வரைந்த பெண் அவர்; அவருடைய எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் 1882 முதல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் ஒரு தனி மண்டபத்தில் இருக்கின்றன. பூ வரைகிற அந்தப் பெண்ணைக் கமரூன் களுத்துறையில் படம் எடுத்தார். அதே காலத்தில் இங்குள்ள தொழிலாளரையும் ஊர்ப் பெண்களையும்கூட எடுத்தார். எஞ்சியிருக்கும் அந்தச் சில படங்களில் நம் பெண்களின் பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை. மரியன் நோர்த்தின் பெயர் மட்டும் இருக்கிறது. 130 வருடம் கழித்து அரிசி மூட்டையோடு நின்ற நமக்கும் அதே கதைதான்.

சரி, எப்படி எடுப்பது என்ற விடயத்துக்கு வருவோம். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் திருகோணமலையில் கல்யாண வீட்டுப் படம் எடுக்கும் ஒரு தம்பி. மிச்சத்தை நிலாவெளிப் பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

முதலில் போனின் கமராக் கண்ணைத் துடையுங்கள். கடற்கரையில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். உப்புக்காற்று அந்தக் கண்ணாடியில் மெல்லிய படையாகப் படிந்துவிடும். படம் பால் ஊற்றியதுபோல் வரும். பழைய பருத்திச் சேலைத் துண்டு போதும். எச்சில் தொட்டுத் துடைக்க வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். நமக்குச் சூரியன் கடலுக்குள்ளிருந்து வருகிறது. ஏழு, ஏழரை மணிவரை வெயில் சாய்வாக, மஞ்சளாக விழும். பூவின் நரம்புகூடத் தெரியும். பத்து மணிக்குப் பிறகு உச்சி வெயிலில் எடுத்தால் வெள்ளைப் பூ வெறும் வெள்ளைத் தாளாகவும் நிழல் கரியாகவும் வரும். மழைக்கால மப்பு நாட்களில் வெளிச்சம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். முகில் ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி வெயிலை வடித்துத் தருகிறது. செவ்வரத்தையின் சிவப்பு அன்றைக்குத்தான் சரியாக விழும். வீட்டுக்குள் எடுப்பதானால் மின்குமிழை அணைத்துவிட்டு யன்னலோரம் வையுங்கள். யன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருட்டாக இருந்தால், பால்மாப் பையைக் கத்தரித்து அதன் உட்பக்கத்து வெள்ளித்தாளை அங்கே பிடியுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் பூவின் மறுபக்கத்தில் விழும்.

காற்று நமக்குப் பெரிய எதிரி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் கொடி ஒரு நிமிடம் சும்மா நிற்காது. இதற்குக் கூட்டத்தில் ஒரு சகோதரி கண்டுபிடித்த வழி கறுப்புக் குடை. குடையை விரித்துப் பூவுக்குப் பின்னால் நிலத்தில் சாய்த்து வைத்தால் காற்றும் மறையும், பின்னால் இருக்கும் உரப்பையும் வாளியும் மறையும், வெள்ளை மல்லிகை கறுப்பில் எடுப்பாகவும் தெரியும். ஸ்டூடியோக்காரத் தம்பியே இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்.

பூவுக்கு மிகக் கிட்டப் போக வேண்டாம். சாதாரணப் போன்கள் மிக நெருங்கினால் தெளிவை இழந்துவிடும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, திரையில் பூவின் நடுவை விரலால் ஒருமுறை தொடுங்கள்; போன் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று விளங்கிக்கொள்ளும். வெள்ளைப் பூ அளவுக்கு மீறி வெளுத்துத் தெரிந்தால், தொட்ட இடத்தில் வருகிற சின்னச் சூரியன் அடையாளத்தைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைக்கலாம். முழங்கையை விலாவோடு சேர்த்துக்கொண்டு, மூச்சை ஒரு கணம் அடக்கி அழுத்துங்கள். நின்றபடி மேலிருந்து எடுக்காமல் பூவின் உயரத்துக்குக் குனிந்து, தேவையென்றால் குந்தி இருந்து எடுத்துப் பாருங்கள். நித்தியகல்யாணியை நாம் எப்போதும் மேலிருந்தே பார்த்திருக்கிறோம்; அதன் உயரத்தில் இருந்து பார்த்தால் அது வேறு பூ.

எந்தப் பூ? எது இருக்கிறதோ அது. நிலாவெளி மணலில் ரோசாவுக்கு ஏங்கத் தேவையில்லை. வேலிப் பூவரசு இருக்கிறதா? காலையில் ஒரு பூவை அடையாளம் வைத்து எடுங்கள். வெளிர் மஞ்சளாக இருக்கும். அதே பூவை அந்தியில் எடுங்கள், சிவந்துபோயிருக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரே பூ என்று யாரும் நம்பமாட்டார்கள். நாலுமணிப் பூ பேருக்கேற்றபடி பின்னேரம்தான் விரியும். கரையோரம் போகிறவர்கள் அடம்பன் கொடியை எடுக்கலாம். காலையில் ஊதாவாக விரிந்து வெயில் ஏற வாடிவிடும். திரண்டால் மிடுக்கு என்று நாம் எத்தனையோ கூட்டங்களில் உதாரணம் சொல்கிற கொடி அது. அதன் பூவை ஒரு தடவை குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மரக்கறித் தோட்டத்துப் பூக்களை மறக்க வேண்டாம். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சின்னக் காய் போல ஒரு முடிச்சு இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் நீண்ட காம்பு. ஒரு இளம் சகோதரி இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் எடுத்துவந்தார். தன் கொடியில் ஏன் பிஞ்சு வெம்பி விழுகிறது என்பதற்குக் கூட்டத்தில் இருந்த ஒரு பாட்டி அந்தப் படத்தைப் பார்த்தே வழி சொன்னார்: காலையில் ஆண் பூவைப் பறித்து, அதன் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடு, தேனீ வராத குறை தீரும் என்று. அவர் வீட்டில் இப்போது மூன்று காய்.

கார்த்திகைப் பூ பற்றியும் கேட்டார்கள். மாரியில் வேலியில் தானாக முளைத்து நெருப்புப் போலப் பூக்கும். இயக்கம் ஒரு காலத்தில் அதைத் தேசியப் பூவாக அறிவித்ததால், இன்றும் அதைப் படம் எடுக்கலாமா என்று நம் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நம் வேலியில் பூத்ததை நம் போனில் எடுத்து வைத்துக்கொள்வது நம் விருப்பம். முகநூலில் போடுவது, ஸ்டேட்டஸில் வைப்பது வேறு விடயம். குறிப்பாகக் கார்த்திகை மாதத்தில், யார் பார்ப்பார்கள், யார் வந்து கேட்பார்கள் என்பதை யோசித்து அவரவர் முடிவெடுக்க வேண்டும். வேறு யாரும் உங்களுக்காகத் துணிச்சல் காட்டச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: அதன் கிழங்கு கடும் நஞ்சு. படம் எடுக்கப்போய்ப் பிள்ளைகள் தோண்டி விளையாட விடாதீர்கள்.

பாதுகாப்பு பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போனில் கமராவின் அமைப்புக்குள் போனால் 'இடம்' அல்லது 'லொக்கேஷன்' என்று ஒன்று இருக்கும். அது இயங்கினால் ஒவ்வொரு படத்தோடும் உங்கள் வீடு இருக்கும் இடமும் பதிவாகும். அதை நிறுத்திவிடுங்கள். தனியாக இருக்கும் பெண்கள், அறிமுகம் இல்லாத குழுக்களில் வீட்டு முகப்போ பாதையோ தெரிகிற படத்தைப் போட வேண்டாம்.

இதில் வருமானம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: பூப்படத்தை விற்றுப் பிழைக்கலாம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் பூக்கன்று விற்பவர்களுக்குப் படம் உதவுகிறது. எங்கள் குழுவில் ஒருவர் போகன்வில்லாவும் அடீனியமும் பதியம் போட்டு விற்கிறார். கன்றாக இருக்கும்போது எல்லாம் ஒரே பச்சைதான். எந்த நிறம் பூக்கும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. தாய்ச்செடியின் பூவைக் காலை வெளிச்சத்தில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கிய பிறகு, பார்க்க வந்துவிட்டு வெறுங்கையோடு போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்கிறார்.

கடைசியாக, எடுத்த படத்தைக் காப்பாற்றுவது. நம்மைவிட இதை அறிந்தவர்கள் யார்? நம் வீடுகளில் இருந்த அல்பங்கள், ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த கல்யாணப் படங்கள், எல்லாம் 1990இல் பாதியும் 2004இல் மீதியுமாகப் போயின. போன் தண்ணீரில் விழுந்தாலும் அதே கதைதான். விருப்பமான படத்தை வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அவரிடம் ஒரு பிரதி இருக்கும். மெமரி கார்ட்டில் ஒன்று ஏற்றி, அரிசிப் பேணிக்குள் அல்ல, ஈரம் போகாத சின்ன டப்பாவில் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்றையாவது டவுனில் கொடுத்துக் கடதாசியில் அச்சிடுங்கள். பின்பக்கத்தில் பூவின் பெயர், தேதி, எடுத்தவர் பெயர் எழுதுங்கள். எடுத்தவர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்.

மல்லிகை எடுத்த அம்மாவின் மகள் கட்டாரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அம்மா இப்போது தினமும் காலையில் ஒரு படம் அனுப்புகிறார். ஆரம்பத்தில் குடையைப் பின்னால் வைத்து, பூவை மட்டும் அழகாக எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரு வாரத்துக்குப் பிறகு மகள், "அம்மா, குடை வேண்டாம். கிணத்துக்கட்டும் தெரியிற மாதிரி எடுங்கோ" என்று குரல் பதிவு அனுப்பினாராம். படக்கலை தெரிந்தவர்கள் பின்னணியில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பார்கள். நான் அந்த அம்மாவிடம் கிணற்றை விடச் சொல்லவில்லை. கடந்த வாரம் போனபோது காட்டிய படத்தில் மல்லிகை ஓரத்துக்குப் போய்விட்டது. கிணற்றுக்கட்டு, வாளி, கயிறு, கொடியில் காயும் மாமியாரின் சேலை, இடிந்த மதிலில் மிஞ்சிய துண்டு எல்லாம் இருந்தன. "இதுவும் பூப்படம்தானே மகள்?" என்று கேட்டார். எங்கள் அடுத்த கூட்டத்துக்கு அதையும் அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊரிலும் எடுத்தால், பெயரையும் ஊரையும் எழுதி இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.